தலைப்பாவுக்கு விடாத இடம்

“ஹலோ... ஓம் லட்சுமி... ஓம், ஓம்... வந்துகொண்டிருக்கிறம்... கிட்டத்தான்... இந்தா, நீர் போனை வைக்க முதல் வாசலிலை நிப்பம்.”

இதைச் சொன்னபோது அழகரத்தினம் பெருந்தெருவோரத் தரிப்பிடம் ஒன்றில், குப்பைத் தொட்டிக்கும் கழிப்பறைக்கும் நடுவில், பட்டு வேட்டியை முழங்காலுக்கு மேலே மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார். டென்மார்க்கின் பிரெடெரிசியா நகரத்துக் கலியாண மண்டபத்துக்கு இன்னும் பதினாறு கிலோமீற்றர் கிடந்தது. அவருக்குப் பின்னால் நின்ற கத்தரிப்பூ நிறக் காருக்குள், ஒரு காது தோளில் முட்ட, கழுத்தை மடித்தபடி டெனிஸ் மாப்பிள்ளை மிக்கெல் இருந்தான்.

“என்ன சத்தமோ... அது லொறி... ரோட்டிலை லொறி ஓடாமல் கப்பலோ ஓடும்... இல்லையே, நிக்கேல்லை... ஆர் சொன்னது நிக்கிறம் எண்டு... நான் ஏன் காணும் உமக்குப் பொய் சொல்லப்போறன்... ஓம்... சரி... சரி, நிக்கிறம். கொஞ்சம் நிப்பாட்டியிருக்கு.”

மனைவி இராசலட்சுமியிடம் ஒரு பொய்யை அவரால் அரை நிமிடத்துக்கு மேல் தாங்கிப் பிடிக்க முடிந்ததில்லை. கலியாணம் கட்டி முப்பத்திரண்டு வருடம். இன்றைக்கும் அவர் முயற்சியைக் கைவிடவில்லை என்பதை மட்டும் பாராட்டலாம்.

“பழுதாகேல்லை. கேளும்... கார் பழுதாகேல்லை, அந்தச் சந்தோசம் உமக்குக் கிடைக்காது. எஞ்சின் தங்கமாய் நிக்குது... பின்னை என்னவோ... அது வந்து... மிக்கெல்லின்ர கழுத்து... கழுத்து, கழுத்து... ஐயோ முறியேல்லை, கத்தாதையும், உங்கை சனம் திரும்பிப் பாக்கப்போகுது. கொஞ்சம் பிடிச்சுப்போட்டுது. நிமித்தேலாமல் கிடக்கு... ஏனெண்டோ... தலைப்பா கூரையிலை முட்டுது.”

இனிக் கொஞ்ச நேரம் இராசலட்சுமிதான் பேசினாள். அழகரத்தினம் கைத்தொலைபேசியைக் காதிலிருந்து நாலு விரல் தள்ளிப் பிடித்துக்கொண்டார். அந்த இடைவெளிக்குள் காரைப் பற்றிச் சொல்லிவிடலாம். அது ஆயிரத்துத் தொளாயிரத்து அறுபத்தோராம் ஆண்டு வொல்வோ. பதினாலு வருடத்துக்கு முன்னர் ரண்டர்ஸ் பக்கத்தில் ஒரு கோழிக் கொட்டிலுக்குள் கறள் பிடித்துக் கிடந்ததை ட்ரெய்லரில் ஏற்றிக்கொண்டு வந்தார். தொழிற்சாலையில் பகலெல்லாம் வெல்டிங், வீட்டுக்கு வந்தால் கராஜுக்குள் மறுபடியும் வெல்டிங். பெரிய எஞ்சின் ஒன்றை வைத்தார். பின் சில்லுகளை அகலமாக்கினார். ஸ்பிரிங்குகளைக் கட்டையாக்கி வண்டியை நிலத்தோடு பதித்தார். பின் சீற்றைக் கழற்றி எறிந்தார். போன பனிக்காலம் கடைசி வேலையாகத் தூண்களை அறுத்து, கூரையைப் பதினொரு சென்ரிமீற்றர் இறக்கி ஒட்டினார். பழைய காரைப் பிடித்து இப்படிக் கட்டுகிற ஆட்களுக்குக் கூரை எவ்வளவு பதிகிறதோ அவ்வளவு அழகு. அரசாங்கச் சோதனையிலும் வண்டி பாஸ் பண்ணியது. அந்தப் பத்திரத்தைச் சாமித்தட்டில் வைத்து மூன்று நாள் பூப்போட்டார். நாலாம் நாள் இராசலட்சுமி எடுத்துக் குசினி லாச்சிக்குள் போட்டுவிட்டாள்.

“ஓம்... ஓம்... சொல்லி முடிச்சிட்டீரோ... அளந்தனான். ஓம் காணும், அளந்தனான். மாசி மாசம் அவனைக் கூப்பிட்டு உள்ளுக்கை இருத்தி அளந்தனான். தலைக்கும் கூரைக்கும் நடுவிலை ரண்டு விரல் விட்டது. அவன்ர உயரத்துக்கு அது பெரிய விசயம்... தலையைத்தான் அளந்தனான்... தலைப்பாவை அளக்கேல்லை... அவன் என்ன மாசி மாசத்திலை தலைப்பாவோடையே வந்தவன்... ஓம், எனக்குத் தெரியும் எங்கட மாப்பிளையள் தலைப்பா வைக்கிறவை எண்டு. நானும் வச்சனான். உம்மைக் கட்டேக்கை வச்சனான், மறக்கேல்லை... கூரை வெட்டேக்கை மறந்துபோனன்.”

ஒரு லொறி ஊதிக்கொண்டு போனது. சாரதி காரைப் பார்த்து ஊதினானா, வேட்டியைப் பார்த்து ஊதினானா தெரியவில்லை. அழகரத்தினம் இரண்டுக்கும் சேர்த்துக் கையைக் காட்டினார்.

“அங்கை எப்பிடி ஏறினவன் எண்டோ... ஏறேல்லை, ஏத்தினது. ஹொட்டல் வாசலிலை வீடியோக்காரன் பிடிச்சுக்கொண்டு நிக்கிறான், அவன்ர தாய்தகப்பன் கை தட்டுகினம், பஸ்ஸிலை இருந்து சனம் எட்டிப் பாக்குது. நான் என்ன செய்ய... தலையைச் சரிச்சு உள்ளுக்கை விட்டுக் கதவைச் சாத்தினன். சிரிச்சவன், பாவம். வீடியோ வரேக்கை பாரும், சிரிச்சுக்கொண்டு இருக்கிறான், ஆனால் வேறை ஆரையோ பாத்துச் சிரிக்கிற மாதிரி இருக்கும்... பஸ் முன்னாலை போட்டுது. நாங்கள் அறுவதிலை வாறம். ஒவ்வொரு பள்ளத்துக்கும் டொக், டொக் எண்டு முட்டுது. ஸ்பிரிங் நான்தான் கட்டையாக்கினது... ஓம், அதுவும் நான்தான். எழுதி வையும்.”

இராசலட்சுமி ஏதோ கேட்டாள். மிகச் சின்னக் கேள்வி. அழகரத்தினம் வேட்டி மடிப்பை அவிழ்த்து, மறுபடி மடித்துக் கட்டினார். மடிப்பில் ஒரு கறுப்பு ஒயில் கறை, உள்ளங்கை அளவு.

“கழட்டினால் என்னவோ... கழட்டினால் ஒண்டுமில்லைத்தான்... அவன் மாட்டன் எண்டிறானே... ஓம், மிக்கெல்தான். தாலி கட்டுமட்டும் தலைப்பா இறக்கக்கூடாது, இறக்கினால் பொம்பிளை வீட்டுக்குக் கூடாது எண்டு நிக்கிறான்... எந்த விசரன் சொன்னதோ...”

அழகரத்தினம் கழிப்பறைக் கதவில் ஒட்டியிருந்த அறிவித்தலை முதலிலிருந்து கடைசிவரை வாசித்தார்.

“ஆரோ சொல்லியிருப்பினம்... எனக்கென்ன தெரியும். ஆயிரம் பேர் ஆயிரம் சொல்லுவினம். இவங்கள் டெனிஸ்காரர் ஒண்டைக் கேட்டால் அதை அப்பிடியே பிடிச்சுக்கொண்டு நிப்பாங்கள்... இல்லை, வேறை வழியும் பாத்தனான். சீற்றைக் கழட்டினால் நிலத்திலை இருக்கலாம். நாலு போல்ற்தான், சாவி கையிலை கிடக்கு. சப்பாணி கட்டப் பழகினவன்தானே, ஓமத்துக்கு முன்னாலை இருக்கிற மாதிரி இருப்பான் எண்டு பாத்தன்... பெல்ற் இல்லாமல் வரமாட்டானாம். அதுவும் சட்டமாம்... படுக்க வச்சுக் கொண்டுவரச் சொல்லுறீரோ... சும்மா இரும், நல்ல காரியத்துக்கு வாறவனைப் படுக்க வச்சோ கொண்டுவாறது.”

இப்போது இராசலட்சுமி தன் தம்பி கஜரூபனின் பெயரை எடுத்தாள். அது அழகரத்தினத்தின் முகத்திலேயே தெரிந்தது. கஜரூபன் இரண்டு வருடமாக மின்சாரக் கார் ஓட்டுகிறவன். அதைப் பற்றிக் கேட்காதவர்களுக்கும் சொல்லுகிறவன்.

“வேண்டாம்... வேண்டாம் எண்டால் வேண்டாம். அவன்ர பற்றரிக் காரிலை என்ர மருமோன் வந்து இறங்கிறதோ. எஸ்பியர்க்கிலை அந்தச் சாமத்திய வீட்டிலை இவ்வளவு சனத்துக்கு முன்னாலை என்ர காரைச் சவப்பெட்டிக்குச் சில்லுப் பூட்டினது எண்டவன் அவன்... பகிடிக்கோ... அந்தப் பகிடியை நான் ஒம்பது மாசமாய் மனசிலை வச்சிருக்கிறன். அதோடை, வாசலிலை மாப்பிளைக்குக் கால் கழுவ நிக்க வேண்டியவன் அவன்தானே. அவன் இஞ்சை வந்து திரும்பிப் போக நல்ல நேரம் முடிஞ்சுபோம்... ஐயர் என்ன சொல்லுறார்... பதினொண்டு இருவதோ... ஓம், மணி பத்து இருவத்தஞ்சு, எனக்கும் மணிக்கூடு இருக்கு.”

குரலைத் தாழ்த்திக்கொண்டார். காருக்குள்ளிருந்து மாப்பிள்ளை, கழுத்தை அசைக்காமல் கண்ணை மட்டும் திருப்பி அவரைப் பார்த்தான்.

“கோவிக்கேல்லை... கேளும் லட்சுமி. நிரோஜா கேட்டவள். நீர் வெள்ளைக் கார் ஒண்டு வாடைக்குப் பாத்தனீர், நான் ஒரு சொல்லுச் சொன்னனானோ. அவள்தான், ‘அப்பா, உங்கட காரிலை அவனைக் கூட்டிக்கொண்டு வாங்கோ’ எண்டவள். இந்தக் காரிலை வந்து இறங்கிறது வெக்கம் எண்டு பள்ளிக்கூடத்துக்கு ஒரு மூலை முந்தி இறங்கி நடந்து போன பிள்ளை. பதினாலு வருசத்திலை வீட்டிலை ஒருத்தர் என்ர காரைக் கேட்டது அதுதான் முதல்தரம். அதுதான்... கொஞ்சம் வடிவாக்குவம் எண்டு கூரையையும் வெட்டினன்... ஓம், வெட்டாமல் விட்டிருந்தால் இப்ப உங்கை நிப்பன். தெரியும்.”

இராசலட்சுமி கொஞ்சம் இறங்கி வந்திருக்க வேண்டும். அழகரத்தினம் இரண்டு தரம் மூக்கை உறிஞ்சினார். பிறகு அவருடைய முகம் தெளிந்தது. அந்த முகம் தெளிந்தால் வீட்டில் எல்லாரும் பயப்படுவார்கள்.

“நான் ஒரு முடிவு எடுத்திட்டன். பயப்பிடாதையும். காரின்ர பின்பெட்டிக்குள்ளை இரும்பு வெட்டிற மிசின் கிடக்கு, பற்றரியும் நிறைஞ்சு கிடக்கு... எதை வெட்டவோ, கூரையைத்தான். அவன்ர தலைக்கு மேலை மட்டும், ஒரு தட்டளவு. பத்து நிமிசம். தலைப்பா வெளியிலை நிக்கும், சனம் தூரத்திலேயே பாக்கும்... துவாய் போட்டு மூடிப்போட்டுத்தான் வெட்டுவன், ஒரு பொறியும் படாது... விசர் இல்லை. நான் வச்ச கூரை, நானே எடுக்கிறன். ஆருக்கு நட்டம்.”

உண்மையில் மிசின் பெட்டிக்குள் இல்லை. பேச்சோடு பேச்சாக எடுத்து மற்றக் கையில் பிடித்திருந்தார். அதைத்தான் மாப்பிள்ளை கண்ணால் தொடர்ந்துகொண்டிருந்தான். ஆனால் இராசலட்சுமி கெட்டிக்காரி. மரக்கறிப் பையை அந்தக் கார்ச் சீற்றில் வைக்க விடாத மனிசன், தலைப்பாவைக் கழற்றச் சொல்லாமல் கூரையை வெட்டப் போகிறான் என்றால் அதற்குள் வேறு ஏதோ இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாதா. கேட்டாள்.

“நீர் ஏன் இப்ப அதைக் கேக்கிறீர்... ஆர் சொன்னால் என்ன... இல்லை, ஐயர் சொல்லேல்லை... என்ர அக்காவும் சொல்லேல்லை, அவவை விடும்... லட்சுமி... சரி. நான்தான்.”

அவர் மிசினைக் குப்பைத் தொட்டியின் மேல் வைத்தார்.

“நான்தான் சொன்னது. தாலிக்குப் பொன்னுருக்கின அண்டு. நீர் குசினிக்கை நிண்டனீர்... அவன் எல்லாத்துக்கும் ஏன் ஏன் எண்டு கேட்டவன். பொன் ஏன் உருக்கிறது, மஞ்சள் ஏன், வாழை ஏன்... தெரிஞ்சதைச் சொன்னன், அரைகுறையாய்த் தெரிஞ்சதையும் சொன்னன். பிறகு, வேர்த்தால் தலைப்பாவைக் கழட்டலாமோ எண்டான். எனக்குத் தெரியாது லட்சுமி. தெரியாது எண்டு சொல்லியிருக்கலாம். வாய் வரேல்லை. கழட்டக்கூடாது, பொம்பிளை வீட்டுக்குக் கூடாது எண்டு பெரிய ஆள் மாதிரி எடுத்துவிட்டன். சபை நிறைஞ்ச சனம், கஜரூபனும் தலையாட்டினவன்... ஏன் சொன்னனோ... முப்பத்தாறு வருசமாய் இந்த நாட்டிலை இருக்கிறன், அதை இஞ்சை வை, இதை அங்கை தூக்கு எண்டுதான் எனக்குச் சொல்லுவாங்கள். ஒருத்தரும் என்னட்டை ஒரு விளக்கம் கேட்டதில்லை. இவன் கொப்பியும் பேனையும் கொண்டுவந்து எனக்கு முன்னாலை நிலத்திலை இருந்திட்டான். எனக்கும் கொஞ்சம் பெருமை ஏறிட்டுது.”

தரிப்பிடத்துக்குள் ஒரு டெனிஸ் குடும்பம் வந்து காரை நிறுத்தியது. சின்னப் பிள்ளை ஒன்று மாப்பிள்ளையைக் கண்ணாடிக்குள்ளால் பார்த்துக் கையசைத்தது. மிக்கெல் விரலை மட்டும் அசைத்தான்.

“இப்ப போய் என்னெண்டு சொல்லுறது... எந்த முகத்தோடை சொல்லுறது, நான் அவிச்ச பொய்யாலைதான் நீ கழுத்து முறிய இருக்கிறாய் எண்டோ. இண்டைக்குத்தான் கலியாணம், இண்டைக்கே மாமனார் புளுகன் எண்டு தெரிய வேணுமோ... நீர் சொல்லுவீரோ? நீர் போனிலை சொல்லும், நான் அவனிட்டைக் குடுக்கிறன்... ஏன் காணும் மாட்டீர்... ஆரது பறிக்கிறது... ஹலோ, ஹலோ...”

அழகரத்தினம் நிமிர்ந்து நின்றார். வேட்டியை அவிழ்த்துக் கால்வரை விட்டார். மணப்பெண்ணோடு பேசுவதற்கு அதுதான் மரியாதை என்று நினைத்திருப்பார்.

“பிள்ளை... நிரோஜா... ஓம் அப்பாதான்... தமிழிலை ஏசு பிள்ளை, டெனிஸிலை ஏசினால் எனக்குக் கூட நோகுது... ஓம்... ஓம்... எல்லாம் கேட்டிட்டியோ... கேக்கிறமாதிரித்தான் கொம்மா கத்தியிருப்பா... அழாதை, கண் மை கரையும்... அழேல்லையோ, சிரிக்கிறியோ... சரி, சிரி. உன்ர அப்பாவைப் பாத்து நீ சிரிக்கிறது புதுசில்லை... என்ன... ஏன் உன்னட்டைக் கேக்கேல்லை எண்டோ... உன்னட்டைக் கேட்டால் நீ உடனை உண்மையைச் சொல்லச் சொல்லுவாய், அதாலைதான்... வெட்டமாட்டன். சத்தியமாய் வெட்டமாட்டன். மிசினைக் கீழை வச்சிட்டன்... என்னது... உனக்கு இந்தக் கார் இப்பிடியேதான் வேணுமோ... கூரையோடை...”

அவர் காரைத் திரும்பிப் பார்த்தார்.

“சரி. சொல்லுறன்... இப்பவே சொல்லுறன். நீ போனை வையாதை பிள்ளை. நீ வச்சால் எனக்குத் துணிவு வராது.”

தொலைபேசியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு காருக்குப் போனார். பத்து அடிதான். அதற்குள் முப்பத்தாறு வருட டெனிஸைப் புரட்டிப் பார்த்தார். இரும்புக்கும் ஆணிக்கும் சுகவீன விடுமுறைக்கும் அவரிடம் தாராளமாகச் சொல் இருந்தது. மருமகனிடம் மன்னிப்புக் கேட்க ஒன்றும் இருக்கவில்லை. குனிந்து, கண்ணாடிக்குள் தலையை விட்டு, தெருவில் ஆரையும் முட்டினால் மன்னிப்புக்குச் சொல்லுகிற உன்ஸ்குல் என்று தொடங்கி, தலைப்பா, நான், பொய் என்று மூன்று சொல்லைத் தனித்தனியாக வைத்தார். அதற்கு மேல் ஓடவில்லை. மிக்கெல் பதில் சொன்னான். ஆறுதலாக, பாதி டெனிஸிலும் பாதி தமிழிலும் சொன்னான். அழகரத்தினம் குனிந்தபடியே கேட்டார். நிமிர்ந்தபோது தலை கூரையில் இடித்தது. அவருக்கு நோகவே இல்லை.

“ஹலோ... ஆர், லட்சுமியோ... சொல்லிட்டன்... சொல்லிட்டன் எண்டிறன்... கோவிக்கேல்லை... அவனுக்குத் தெரியுமாம்... எனக்கும் முதல் விளங்கேல்லை. சித்திரையிலேயே ஐயருக்குப் போன் எடுத்துக் கேட்டவனாம். அப்பிடி ஒண்டுமில்லை, வேர்த்தால் கழட்டும் எண்டு ஐயர் சொன்னவராம்... பின்னை ஏன் கழட்டேல்லையோ... நானும் அதைத்தான் கேட்டன்... மாமா சபையிலை சொன்னது, அந்தச் சனமெல்லாம் ஹொட்டல் வாசலிலை நிக்கேக்கை நான் கழட்டினால் மாமாவின்ர சொல்லுக்கு மதிப்பில்லாமல் போயிடும் எண்டான்... தமிழிலை சொன்னவன், லட்சுமி. மதிப்பு எண்ட சொல்லு ஆர் அவனுக்குப் படிப்பிச்சது... இஞ்சை ஒருத்தரும் இல்லைத்தானே, இஞ்சை கழட்டியிருக்கலாமே எண்டு நான் கேட்டன். நீங்களாய்ச் சொல்லுவீங்கள் எண்டு பாத்துக்கொண்டு இருந்தனான், மிசினை எடுக்கேக்கைதான் கொஞ்சம் பயந்துபோனன் எண்டான்... இல்லை, அழேல்லை. லொறிப் புகை.”

புறங்கையால் கண்ணைத் துடைத்தார். பிறகு மணியைப் பார்த்தார். பத்து நாற்பது.

“ஓம், வெளிக்கிடுறம்... தலைப்பா கழட்டியாச்சு. கழுத்து நேராய் நிக்குது, தலைக்கு மேலை ரண்டு விரல், நான் அளந்த அதே ரண்டு விரல்... ஆனால் இப்ப தலைப்பாவை எங்கை வைக்கிறது எண்டுதான் தெரியேல்லை. மடியிலை வைக்கேலாது, அவன்ர முழங்கால் நாடியிலை நிக்குது. பின்னுக்கு சீற் இல்லை... ஓம், நான்தான் கழட்டினது. பின்பெட்டிக்குள்ளை முழுக்க ஒயில்... நிலத்திலை வைக்கிறதோ, சீச்சீ...”

மிக்கெல் ஏதோ சொன்னான். அழகரத்தினம் முதலில் தலையை ஆட்டி மறுத்தார். பிறகு அவனுடைய தலையைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், தன்னுடைய ஐந்தடி மூன்று அங்குலத்தைக் கார்க் கண்ணாடியில் பார்த்தார்.

“லட்சுமி... கேக்குதோ... அவன் சொல்லுறது சரிதான். அவன்ர தலை முடியிற இடத்திலைதான் எனக்குத் தலைப்பா முடியும். அளந்த மாதிரிக் கிடக்கு... ஓம், நான்தான் போட்டிருக்கிறன். மருமோன்தான் ரண்டு கையாலையும் எடுத்து வச்சுவிட்டவன். தலைப்பாவின்ர கல்லுப் பதக்கமும் முன்னுக்குத்தான் நிக்குது... சிரிக்காதையும்... சரி, சிரியும். முப்பத்திரண்டு வருசத்துக்குப் பிறகு உமக்கு ரண்டாம்தரம் மாப்பிளையாய் வாறன்.”

கதவைச் சாத்தினார். பெல்ற்றை இழுத்துப் பூட்டினார். பக்கத்தில் மிக்கெல்லும் பூட்டினான்.

“கடைசியாய் ஒண்டு. ஆலாத்தி எடுக்கிறவைக்கு இப்பவே சொல்லும், தலைப்பாவோடை இறங்கிறது மாப்பிளை இல்லை... ஓம்... கஜரூபனிட்டையும் சொல்லும், செம்பைத் தூக்க முதல் ஆளைப் பாத்துக் கால் கழுவச்சொல்லி... பொறும். வேண்டாம். கஜரூபனிட்டை மட்டும் சொல்லாதையும்... சொல்லாதையும் எண்டிறன், அவன் ஒருக்கால் என்ர காலைக் கழுவட்டும்... நிரோஜாவிட்டைச் சொல்லும், அவன்... ஒண்டுமில்லை. கெட்டிக்காரி, ஆளைப் பாத்துத்தான் பிடிச்சிருக்கிறாள் எண்டு சொல்லும்... எஞ்சின் போடப்போறன், இனி உமக்கு ஒண்டும் கேக்கா...”